அப்பாவின் காதும் பழைய கம்ப்யூட்டர் ஃபேனும்



விரதம் இருப்பவர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு சாயங்காலம் சூரசம்ஹாரம். திருச்செந்தூர் கடற்கரையில் நிற்கிற பாக்கியம் கிடைத்தவர்கள் எங்களுக்காகவும் ஒரு அரோகரா போடுங்கள்.

முதல் இரண்டு நாள் நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டுவிட்டு நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "அண்ணா, பின்னாடி என்ன மிஷின் ஓடுது?" ஒரு தம்பி, "மாவு மில்லுல இருந்தா பேசுறீங்க?" என்றே கேட்டுவிட்டார். மாவு மில் இல்லை தம்பி. அது எங்கள் வீட்டு கம்ப்யூட்டர். நான்காம் நாளில் இருந்து அந்தச் சத்தம் இல்லை, கவனித்தீர்களா? அது எப்படி நின்றது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சஷ்டி முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கமா என்று கேட்பீர்கள். அது வேற ஆலங்குளம். நம்மது விருதுநகர் மாவட்டம், அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஊர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ் பிடித்துப் போய்வருகிற ஊர். என் அப்பா ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் 31 வருஷம் பிட்டராக இருந்தவர். ரிங் பிரேம் பிரிவு. ரிடையர் ஆகும்போது வந்த பணத்தில் தங்கச்சி கல்யாணம் முடிந்தது. அதற்கும் முன்னால், 2009இல், போனஸ் பணத்தில் எனக்கு வாங்கிக் கொடுத்ததுதான் இந்த கம்ப்யூட்டர். இன்றைக்கும் கோயில் நோட்டீஸ், பாதயாத்திரைக் குழுவோட பெயர்ப் பட்டியல், உங்களுக்கு வருகிற சஷ்டி படங்கள் எல்லாம் இதில்தான் செய்கிறேன். மெதுவாக ஓடும். ஆனால் ஓடும்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் ஆரம்பித்தது சத்தம். ஆன் பண்ணியதும் "கீச்ச்" என்று, சாணை பிடிக்கிற மாதிரி. பத்து நிமிஷத்தில் கொஞ்சம் அடங்கும், மறுபடி வரும். மூடியைக் கழற்றி பெயிண்ட் பிரஷ் வைத்து தூசியைத் தட்டினேன். கரிசல் மண் புழுதி, ஹீட் சிங்க் இடுக்கில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. சுத்தம் செய்ததும் இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

அப்புறம் ஒரு குறுக்கு வழி பிடித்தேன். செட்டிங்கில் போய் ஃபேன் வேகத்தைக் குறைத்து வைத்தேன். சத்தம் குறைந்தது. எனக்கு ஒரே பெருமை. ஆனால் சஷ்டி முதல் நாள் ராத்திரி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து செய்த படத்தை சேவ் பண்ணுவதற்குள் மிஷின் பட்டென்று அணைந்துவிட்டது. தொட்டுப் பார்த்தால் கேபினெட் சுடுகிறது. ஃபேன் சும்மா சுற்றவில்லை, உள்ளே இருக்கிற பிராசசர் சூட்டை அதுதான் வெளியே தள்ளுகிறது. அதை மெதுவாக ஓடவிட்டால் சூடு உள்ளேயே நிற்கும். ஒரு அளவுக்கு மேல் போனால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் மொத்தமாக நிறுத்திவிடும். நான் நோயை விட்டுவிட்டு முனகலை மட்டும் அமுக்கியிருக்கிறேன்.

வேகத்தைப் பழையபடி வைத்தேன். சத்தமும் பழையபடி வந்தது.

இனிமேல்தான் வெட்கக்கேடு.

இரண்டாம் நாள் சாயங்காலம். காலையில் இருந்து பாலும் பழமும்தான். வாய்ஸ் மெசேஜ் பதிவு பண்ண உட்கார்ந்தால் இந்தக் கீச்சல். அப்பா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து நியூஸ் பார்க்கிறார், டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கும். நான் சொன்னேன், "அப்பா, இந்த கம்ப்யூட்டர் சத்தம் தாங்கல. எடைக்குப் போட்டுட்டு வேற வாங்கணும்." அவர் திரும்பிப் பார்த்து, "என்ன சத்தம்? நல்லாத்தான ஓடுது" என்றார்.

கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். அவர் காசு போட்டு வாங்கியது, விட மனசில்லை, அதனால் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். பசி வேறு. "தெருவுக்கே கேக்குது, உங்களுக்குக் கேக்கலையா? காது செவிடா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். அம்மா இருந்தார்கள். பக்கத்து வீட்டு அத்தையும் இருந்தார்கள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டிவியை நிறுத்திவிட்டு வெளியே போய் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு ராத்திரிதான் அம்மா சொன்னார்கள். "நெசமாவே அவருக்குக் கேக்காதுடா. கொஞ்ச வருஷமாவே அப்படித்தான். குக்கர் விசில் கேக்காது. போன் மணி கேக்காது. உன்கிட்ட சொல்லாதன்னுட்டார்." எனக்கு நம்ப முடியவில்லை. முந்தின நாள்தான் தெருவில் வெடித்த வெடிக்குத் திரும்பிப் பார்த்தாரே!

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், உங்களுக்கும் சொல்கிறேன். வருஷக்கணக்கில் பெரிய சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காது ஒரேயடியாக அடைபடாது. உள்காதில் இருக்கிற நுண்ணிய மயிர் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். செத்தது திரும்ப வளராது. முதலில் போவது கீச்சுக் குரல், விசில், மணி மாதிரியான உயர்ந்த சத்தங்கள். இடி கேட்கும், லாரி கேட்கும், வெடி கேட்கும். பேசுவதும் கேட்கும், ஆனால் ச, ஸ், ஃப் மாதிரி எழுத்துகள் விழாது. அதனால் "பேசுறது கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்பார்கள். நாம்தான் "வேணும்னே கேக்காத மாதிரி இருக்கார்" என்று சொல்லிக்கொள்வோம். தினமும் 8 மணி நேரம், 85 டெசிபலுக்கு மேல் இருந்தாலே காது கெட ஆரம்பிக்கும் என்கிறார்கள். ஸ்பின்னிங் மில் ரிங் பிரேம் ஓடுகிற கூடத்துக்குள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி தறி ஓடுகிற வீட்டுக்குள் போனாலும் தெரியும். அதில் 31 வருஷம், மூன்று ஷிப்டும். அந்தச் சத்தத்தில் சம்பாதித்த காசில் வாங்கிய கம்ப்யூட்டர் கத்துகிறது என்று அவரையே செவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் அப்பா என்னிடம் பேசவில்லை. நான் சஷ்டி கவசம் படித்தேன். படித்தது தலையில் ஏறவே இல்லை.

அன்றைக்கு நான் எழுதி வைத்திருந்த பதிவு சுவாமிமலையைப் பற்றி. தகப்பன்சாமி! நமக்கெல்லாம் ரொம்பப் பிடித்த கதை. பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மனை நம்ம முருகன் குட்டிச் சிறையில் போட்டார். விடுவிக்க வந்த சிவபெருமான், "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "கேட்கிற முறையில் கேட்டால் சொல்வேன்" என்றார் பிள்ளை. அப்பன் சீடனாகி, பிள்ளை குருவானார். கும்பகோணத்துப் பக்கத்தில், 60 தமிழ் வருஷத்துக்குக் கணக்காக 60 படி ஏறிப்போய் நாம் கும்பிடுவது அந்த குருநாதனைத்தான். அப்பா அம்மாவுக்கு போனில் பணம் அனுப்பச் சொல்லிக் கொடுத்தால்கூட "தகப்பன்சாமி மொமண்ட்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம். நானும் போட்டவன்தான்.

ஆனால் அந்தப் படத்தை நல்லா உற்றுப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பூஜை அறையில் ஒன்று மாட்டியிருக்கிறது. அன்றைக்கு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிவன் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுக்கிறார். வாயைப் பொத்தி நிற்கிறார். அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பிள்ளை என்ன செய்கிறார் என்பதைப் பார்த்ததே இல்லை. முருகன் கத்தவில்லை. தேவர்கள் எல்லாம் கேட்கட்டும் என்று சபையில் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரியாததைப் பத்துப் பேர் முன்னால் போட்டு உடைக்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் போய், அப்பாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்கிறார். அவர் என்ன சொன்னார் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியாது. உபதேசம் என்ற சொல்லில் 'உப' என்பதற்கே அருகில் என்றுதான் பொருள். தெரிந்தவன், தெரியாதவர் பக்கத்தில் போக வேண்டும்.

நான் அறையின் அந்தக் கோடியில் நின்று கத்தினேன்.

பிரம்மனைக் குட்டிய அதே முருகன்தான். "எனக்குத் தெரியும்" என்று கர்வமாக வந்தவரைக் குட்டினார். கேட்டு வந்த அப்பாவிடம் கிசுகிசுத்தார். என் அப்பா கர்வமாகவா சொன்னார்? "என்ன சத்தம்?" என்று கேட்டார். அது கேள்வி. எனக்கு அது திமிராகக் கேட்டது. எங்கள் இரண்டு பேரில் யார் காது கெட்டுப்போனது என்று நீங்களே சொல்லுங்கள்.

நான்காம் நாள் காலையில் குளித்து, திருநீறு வைத்துக்கொண்டு, அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பு எல்லாம் நம்ம வீடுகளில் யார் கேட்கிறார்கள்? கேட்க வாயும் வரவில்லை. முகத்தைப் பார்த்து, மெதுவாக, "அப்பா, அந்த ஃபேன்ல பேரிங் போயிருச்சுன்னு நினைக்கிறேன். எனக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க பாக்குறீங்களா?" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து போய், பரண் மேல் இருந்து ஒரு பழைய தகர டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே திருப்புளி நாலு, வேஸ்ட் துணி, சின்ன எண்ணெய்க் குப்பி.

அடுத்த ஒரு மணி நேரம் நான் பார்த்தது எனக்கு ஒரு தரிசனம் என்றே சொல்வேன்.

முதலில், "எத்தன ஃபேன் இருக்கு?" என்று கேட்டார். மூன்று. பிராசசர் மேல் ஒன்று, கேபினெட் பின்னால் ஒன்று, கரண்ட் பெட்டிக்குள் ஒன்று. "கத்துறது எது?" எனக்குத் தெரியவில்லை! இவ்வளவு நாள் கத்துகிறது கத்துகிறது என்றேனே ஒழிய, எது கத்துகிறது என்று பார்க்கவே இல்லை. அவர் ஆன் பண்ணச் சொன்னார். நீளமான திருப்புளியை எடுத்து, சுற்றாத சட்டத்தில் மட்டும் நுனியைப் பதமாக வைத்து, பிடியில் விரலை வைத்துப் பார்த்தார். பின்னால் இருந்த ஃபேன், "இது நல்லாருக்கு." கரண்ட் பெட்டியின் வெளிச் சட்டம், "இதுவும் சரி." பிராசசர் ஃபேன் சட்டத்தில் வைத்ததும் விரலை எடுக்கவில்லை. "இதுதான். புஷ் காஞ்சு போச்சு. ஆடுது பாரு."

"உங்களுக்குக் கேக்குதாப்பா?"

"காதுக்குக் கேக்கல. கைக்குக் கேக்குது."

மில்லில் ஒரு ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுற்றுமாம். வரிசையாக நூற்றுக்கணக்கில் ஓடும்போது, அந்த இரைச்சலில் எது கெட்டது என்று காதால் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. கையால்தான். அப்படி இருந்தவருக்கு 2,000 சுற்று ஓடுகிற இந்த ஃபேன் ஒரு விளையாட்டுச் சாமான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேனைக் கழற்றினோம். (ஹீட் சிங்கோடு சேர்த்துக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு அரிசி அளவு வைக்க வேண்டும். அதை நான் செய்தேன். அந்த ஒரு வேலையாவது என்னுடையது.) ஃபேன் நடுவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பாதி உரித்தார் அப்பா. அடியில் சின்ன ரப்பர் மூடி. அதையும் எடுத்தால் நடுத்தண்டு தெரிகிறது. எண்ணெய் பிசினாகிக் கருத்திருந்தது. இந்த மாதிரி ஃபேனில் உருண்டை பேரிங் கிடையாது, எண்ணெய் ஊறிய ஒரு சின்ன உலோகக் குழலுக்குள்தான் தண்டு சுற்றுகிறது. வருஷக்கணக்கில் சூடு பட்டு எண்ணெய் வற்றினால் உலோகமும் உலோகமும் உரசும். அந்த அழுகைதான் நமக்குக் கீச்சல்.

நான் தேங்காய் எண்ணெயை எடுக்கப் போனேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "மார்கழியில பாட்டில்ல என்னவாகுதுன்னு பாத்ததில்லையா? உறையும். நாள்பட்டா பிசின் கட்டும்." துரு எடுக்கிற ஸ்பிரேயும் வேண்டாமாம், அது இருக்கிற எண்ணெயையும் கழுவிவிட்டு ஆவியாகிப் போய்விடும். அவர் விட்டது தையல் மிஷின் எண்ணெய், இரண்டே சொட்டு. விரலால் மெதுவாகச் சுற்றிவிட்டு, அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு, "உள்ள இறங்கட்டும், ஒரு டீ குடி" என்றார். விரதம் என்றேன். சிரித்தார். இரண்டு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு இரண்டே எச்சரிக்கை. சத்தம் கரண்ட் பெட்டிக்குள் இருந்து வந்தால் அதை வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும், கடையில் கொடுங்கள். இன்னொன்று, ஊதித் தூசி தட்டும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றினால் தண்டு கெடும். இந்த எண்ணெய் வைத்தியமும் நிரந்தரம் கிடையாது. ஆட்டம் அதிகமானால் ஃபேனை மாற்றத்தான் வேண்டும். அப்பாவே சொல்லிவிட்டார், "ஒரு வருஷம் ஓடுனா லாபம்."

அரை மணி நேரம் கழித்து மாட்டி, ஆன் பண்ணினோம். சத்தமே இல்லை. சுவிட்ச் போட்டதாகவே தெரியவில்லை. மானிட்டரில் முருகன் படம் வந்த பிறகுதான் ஓடுகிறது என்று தெரிந்தது.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் உறைத்தது. சத்தம் நின்றுவிட்டதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. அவர் சரி பண்ணியது சரியாகிவிட்டதா என்று நான் சொன்னால்தான் தெரியும். பிறகு அவராகவே கேட்டார், "நின்னுருச்சா?"

இந்த முறை பக்கத்தில் போனேன். வலது காதுதான் கொஞ்சம் நல்ல காது என்று அம்மா சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கம் குனிந்து, கத்தாமல், "நின்னுருச்சுப்பா. சுத்தமா நின்னுருச்சு" என்றேன்.

"ம்" என்றார். டப்பாவை மூடிப் பரணில் வைத்துவிட்டார்.

ஒரு விஷயம், வீட்டில் காது மந்தமான பெரியவர்கள் இருக்கிறவர்களுக்காக. கத்தினால் அவர்களுக்கு நன்றாகக் கேட்கும் என்று நினைக்காதீர்கள். கத்தும்போது குரல் உருக்குலைந்து எழுத்துகள் இன்னும் கலங்கும். முகத்துக்கு நேரே வந்து, டிவியை நிறுத்திவிட்டு, நிதானமாகச் சொல்லுங்கள். உங்கள் உதட்டையும் அவர்கள் படிக்கிறார்கள். அப்புறம் இயர்போன் தம்பிமார்களே, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல், அதற்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது முருகன் பாட்டாக இருந்தாலும் காதுக்கு ஒரே கணக்குதான்.

திங்கட்கிழமை அப்பாவைக் காது பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறேன். முதலில் "எதுக்கு, இனிமே எனக்கு என்ன பாட்டுக் கச்சேரியா?" என்றார். நேற்று ராத்திரி அம்மாவிடம் "எத்தன மணிக்குப் போகணுமாம்?" என்று கேட்டிருக்கிறார். மிஷின் மாட்டிக்கொள்வாரா என்று தெரியவில்லை. மாட்டிக்கொண்டால், 2009இல் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் முதல் தடவையாக அவருக்கு எப்படிக் கேட்கிறது என்று கேட்டு எழுதுகிறேன்.

சூரசம்ஹார நேரலை சாயங்காலம். எங்கள் வீட்டு டிவி சத்தம் இன்றைக்கும் தெருமுனை வரை கேட்கும். பக்கத்து வீட்டு அத்தையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!